பெரட்டுக்கு வந்த பிள்ளைகள்

காகிதத்தில் அது சிறுவர் அபிவிருத்தி நிலையம். தோட்டத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. பிள்ளைக்காம்பரா என்றுதான் சொல்வார்கள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போய், சாயங்காலம் வந்து தூக்கிக்கொண்டு போகும் இடம். அங்கே நான் டீச்சர். அக்கரப்பத்தனைப் பக்கம், பஸ் நிற்கும் சந்தியிலிருந்து இன்னும் முக்கால் மணி நேரம் ஏற வேண்டிய ஒரு தோட்டத்தின் மேல் டிவிசனில், பதினொரு வருடமாக.

உயர்தரம் படித்து, கொழும்பில் ஒரு புடவைக் கடையில் மூன்று வருடம் நின்று, அந்தச் சம்பளத்தில் முன்பள்ளிப் பயிற்சியும் முடித்துவிட்டு ஊர் திரும்பினேன். “இவ்வளவு படிச்சிட்டு மூக்கு தொடைக்கிற வேலைக்கா வந்த?” என்று கேட்காதவர்கள் குறைவு. மூக்கு துடைக்கிற வேலைதான். தினமும் இருபது மூக்கு. துடைத்த பிறகு செய்கிற வேலையை யாரும் வந்து பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

ஒரே மண்டபம். தகரக் கூரை. உத்தரத்தில் ஐந்து சேலைத் தொட்டில்கள். இரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் ஆயம்மாவின் பொறுப்பு. ஆயம்மா முப்பது வருடம் கொழுந்து பறித்து, முழங்கால் போன பிறகு இந்த வேலைக்கு மாற்றப்பட்டவர். ஒரு காலால் ஒரு தொட்டிலை ஆட்டிக்கொண்டே கையால் இன்னொரு குழந்தைக்குப் பால் புகட்டுவார். மூன்று வயதிலிருந்து ஐந்து வரை என்னுடையவர்கள். பழைய கலண்டரின் பின்பக்கம்தான் எங்கள் வரைதல் தாள். சோடா மூடிகளை வைத்து எண்ணுவோம். வெள்ளிக்கிழமைகளில் கடை வைத்து விளையாடுவோம். ஒருவர் முதலாளி, மற்றவர்கள் சாமான் வாங்க வந்தவர்கள். “கடன் இல்ல, போங்க” என்று முதலாளி சொல்வதைக் கேட்டு ஆயம்மா விழுந்து விழுந்து சிரிப்பார்.

என் அக்காவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவள் எனக்கு ஒன்பது வயது மூத்தவள். நான் கைக்குழந்தையாக இருந்தபோது இதே இடத்தில் ஓர் இருட்டுக் கொட்டகைதான் இருந்தது. உள்ளேயே அடுப்பு, உள்ளேயே புகை. எனக்கு இழுப்பு வரும் என்பதால் அம்மா என்னை அங்கே விடவில்லை. அம்மா மலைக்குப் போகாவிட்டால் வீட்டில் சோறு இல்லை. அதனால் நான்காம் வகுப்பில் இருந்த அக்கா நிறுத்தப்பட்டாள். அதற்கு முன்பு கொஞ்ச நாள் அவள் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்து ஜன்னலுக்கு வெளியே நின்று பாடம் கேட்டாளாம். நான் அழுதேன் என்று வாத்தியார் விரட்டிவிட்டார். இதை அக்கா ஒருநாளும் எனக்குச் சொன்னதில்லை. அம்மா சாகிறதுக்குக் கொஞ்சம் முந்திச் சொன்னார்.

அக்கா இன்றைக்கும் கொழுந்து பறிக்கிறாள். இது நடந்த வருடம் அவளுக்குப் பதினொரு வயதில் ஒரு மகள், ஆறாம் வகுப்பு. வகுப்பில் முதல் ஐந்துக்குள் வருவாள். அதற்குப் பிறகு எதிர்பாராமல் பிறந்த கடைசிப் பெண்ணுக்கு நான்கு வயது. அது என்னிடம் படித்துக்கொண்டிருந்தது. என்னை டீச்சர் என்று கூப்பிட வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தேன். கோபம் வந்தால் மட்டும் சித்தி என்று கூப்பிடும்.

கடிதம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. கடை விளையாட்டு நடந்துகொண்டிருந்தது. ஆங்கிலத்தில் அரைப் பக்கம். எங்கள் நிலையத்தில் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்துவிட்டது, ஆகவே அடுத்த மாதம் முதலாம் திகதியிலிருந்து கீழ் டிவிசன் நிலையத்தோடு சேர்க்கப்படுகிறது, கட்டடம் வேறு தேவைக்கு எடுக்கப்படுகிறது.

வேறு தேவை என்ன என்பது எங்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். இரண்டு கிழமைக்கு முன் மூன்று பேர் வந்து அளவு நாடா பிடித்துவிட்டுப் போயிருந்தார்கள். கூரை மாற்றப் போகிறார்கள் என்று ஆயம்மா சந்தோஷப்பட்டார். பிள்ளைக்காம்பரா வாசலில் நின்றால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். எதிரே ஒரு அருவி. மூடுபனி விலகினால் தூரத்துக் குளமும் தெரியும். உல்லாசப் பயணிகள் தங்க அறை கட்டுவதற்கு அதைவிட நல்ல இடம் தோட்டத்தில் இல்லை. அந்தக் காட்சியைப் பார்க்கத் தகுதி உள்ளவர்கள் வேறு யாரோ என்று முடிவெடுத்திருந்தார்கள்.

மறுநாள் தொரையைப் பார்க்கப் போனேன். தோட்ட மனேஜரை நாங்கள் தொரை என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இளம் வயதுக்காரர், நன்றாகத் தமிழ் பேசுவார், உட்காரச் சொல்லுவார். அன்றும் சொன்னார்.

“டீச்சர், இது நான் எடுத்த முடிவு இல்ல. மேல இருந்து வந்தது. பிள்ளைங்க கொறைஞ்சிருச்சு. உங்களுக்கு வேல போகாது. நீங்க கீழ் டிவிசனுக்கு வாங்க.”

“கீழ் டிவிசன் ரெண்டு கட்டை சார், மூணு கிலோமீட்டர் தூரம். தாய்மாருங்க ஏழு மணிக்குப் பேர் பதியப் பெரட்டுல நிக்கணும். கைப்பிள்ளையத் தூக்கிக்கிட்டு எறங்கி, விட்டுட்டு, திரும்ப ஏறி வர முடியுமா?”

“கொஞ்சம் வெள்ளென எழும்பணும்.”

“நாலு மணிக்கு எழும்பிக்கிட்டுத்தான் இருக்காங்க.”

அவர் பேனாவை மூடினார். கோபப்படவில்லை. சமாதானம் சொல்வதாக நினைத்துத்தான் அடுத்த வார்த்தையைச் சொன்னார்.

“அப்படி முடியாதவங்க வீட்டுல வச்சுக்கட்டும். பெரிய புள்ளைங்க இருக்குந்தானே? அதுங்க பார்த்துக்கும்.”

எழுந்துவிட்டேன். அதற்கு மேல் அங்கே உட்கார்ந்திருந்தால் நான் என்ன பேசியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

சங்கத் தலைவரிடம் போனேன். பேசிப் பார்ப்போம் என்றார். பேசினாரா இல்லையா, தெரியவில்லை. முதலாம் திகதி காலையில் கதவில் புதுப் பூட்டு தொங்கியது.

முதல் கிழமை சொன்னபடி கேட்டோம். அதையும் எழுதத்தான் வேண்டும். நானும் முன்னால் டோர்ச் பிடித்துக்கொண்டு நடந்தேன். இருட்டு விலகாத நேரம், பனி, குறுக்குப் பாதையில் வழுக்கும் கற்படிகள். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று தாய்மார். கீழே போய்ச் சேர்ந்ததும் பிள்ளைகளின் கால்களிலிருந்து அட்டைகளைப் பிடுங்குவதுதான் எங்கள் முதல் பாடம். அங்கே ஏற்கெனவே பிள்ளைகள் நிறைந்திருந்தார்கள். எங்கள் தொட்டில்களைக் கட்ட உத்தரத்தில் இடம் இல்லை. ஆயம்மாவால் இரண்டாம் நாளே நடக்க முடியவில்லை.

தாய்மார் மூச்சிரைக்க மேலே ஏறி வரும்போது பெரட்டு முடிந்திருந்தது. பெரட்டு என்றால் காலையில் ஆட்களைக் கூட்டி, பேர் பதிந்து, எந்த மலைக்கு யார் போவது என்று பிரித்துவிடும் இடம். அங்கே பேர் விழாவிட்டால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. அதை நடத்துவது கண்டாக்கு. மலையில் வேலையை மேற்பார்க்கும் உத்தியோகத்தர். “நேரம் போயிருச்சு, வீட்டுக்குப் போங்க” என்று நான்கு பேரை முதல் நாளே திருப்பி அனுப்பினார். மறுநாள் ஆறு பேரை.

அந்தக் கிழமை முடிவதற்குள் கீழே வந்த எங்கள் பிள்ளைகள் ஐந்தாகிவிட்டார்கள். எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று இனி உண்மையாகவே எழுதலாம்.

அடுத்த கிழமை வியாழக்கிழமை, வேலை முடிந்து மேலே ஏறி வந்துகொண்டிருந்தேன். எங்கள் வரிசை வீடுகள் இருக்கும் லயத்து வாசலில் அக்காவின் பெரிய மகள் தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். நான்கு வயதுப் பிள்ளையைத் தூக்க அந்த இடுப்பு போதாது. உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு நின்றாள். வீட்டு உடுப்பில் இருந்தாள்.

“ஸ்கூல் போகலயா?”

“ரெண்டு நாளாப் போகல சித்தி. அம்மா இந்தக் கிழமை மட்டும் பாத்துக்கன்னாங்க.”

உள்ளே அக்கா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்றேன். அவள் திரும்பிப் பார்க்காமல், “எனக்குத் தெரியும். நீ ஒண்ணும் சொல்ல வேணாம்” என்றாள். அவளுடைய கை மாவின் மேல் அப்படியே நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தட்டத் தொடங்கினாள்.

அடுத்த கிழமையும் அவள் போகவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்து எல்லோரும் பீலிக்கரையில் இருந்தோம். பீலி என்றால் மலை ஊற்றுத் தண்ணீர் குழாய் வழியாக வந்து விழும் இடம்; லயத்துப் பெண்கள் துணி துவைப்பதும் குளிப்பதும் அங்கேதான், கதை பேசுவதும் அங்கேதான். திருப்பி அனுப்பப்பட்ட ஒருத்தி சொல்லி அழுதாள். இன்னொருத்தி கொழும்புக்கே வீட்டு வேலைக்குப் போய்விடலாம் என்றாள். அக்கா துணி பிழிந்துகொண்டிருந்தாள். பெரட்டில் இருபத்தைந்து வருடமாக நின்றாலும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசாதவள் என்று பெயர் எடுத்தவள்.

“நாளைக்குப் புள்ளைங்களப் பெரட்டுக்குக் கொண்டு போவோம்” என்றாள்.

யாருக்கும் விளங்கவில்லை.

“காம்பரா இல்ல. கீழ போனா பேர் இல்ல. வீட்டுல விட்டா பெரிய புள்ளைக்குப் படிப்பு இல்ல. அப்ப நம்மகூட மலைக்குத்தான் வரணும். வரிசையில நிப்பாட்டுவோம். அதுங்களுக்கும் பேர் போடச் சொல்லுவோம்.”

ஒருத்தி சிரித்தாள். பிறகு நிறுத்திவிட்டாள். எனக்குப் புரிந்தது. தேயிலை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள், மலையில் பிள்ளைகளை வேலை வாங்குகிறார்களா என்று பார்க்க ஆளனுப்பும். அந்த ஆட்கள் வருவதற்கு முந்தின கிழமை தோட்டமே வெள்ளையடித்துக்கொள்ளும். மலையில் ஒரு பிள்ளை நிற்பதைப் பார்த்தால் கண்டாக்குக்குக் கைகால் ஆடும். இதை அக்காவுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இருபத்தைந்து வருடமாகப் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது என்னிடம் தனியாகச் சொன்னாள்.

“நீ வராத. நீ தோட்டத்து ஸ்டாப் ஆளு. ஒன் வேல போயிரும்.”

“போகட்டும்.”

“போகட்டும்னு சொல்லாத. எவ்வளவு பாடுபட்டுப் படிச்ச.”

“நான் மட்டுமா பட்டேன்?” என்றேன்.

அக்கா வாளியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

திங்கட்கிழமை காலை. பனி அப்போதுதான் விலகிக்கொண்டிருந்தது. கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்குப் பக்கத்தில் பெரட்டுக் களம். ஓரத்தில் தோட்ட அலுவலகமான ஒரு சின்னக் கந்தோர். பெண்கள் இடுப்பில் படங்குச் சாக்கு கட்டி, கூடையோடு வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருத்திக்கும் முன்னால் அவளுடைய பிள்ளை. நடக்க முடியாதது கையில். அக்காவின் சின்னவள் தலையில் ஒரு சின்னக் கூடையையும் மாட்டிக்கொண்டு வந்திருந்தாள்; அது அவளுடைய சொந்த ஏற்பாடு. நான் பிள்ளைகளின் பேர் இடாப்பையும் ஒரு பாயையும் சோடா மூடிப் பையையும் எடுத்துக்கொண்டு போனேன். ஆயம்மா ஒரு பொல்லை ஊன்றிக்கொண்டு என் பின்னால் வந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை.

கண்டாக்கு நிமிர்ந்து பார்த்தார்.

“இது என்னா? புள்ளைங்கள எதுக்கு இங்க கொண்டாந்தீங்க?”

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அக்கா பேசினாள்.

“வேலைக்கு வந்திருக்காங்க ஐயா. பேர் போடுங்க.”

“வெளையாடாதீங்க.”

“வெளையாட்டு இல்லங்க. காம்பராவப் பூட்டிட்டீங்க. கீழ விட்டுட்டு வந்தா நேரம் போயிருச்சுன்னு தொரத்துறீங்க. என் மூத்தது எட்டு நாளாப் பள்ளிக்கூடம் போகல. இனி அது போகும். சின்னது எங்கூட மலைக்கு வரும். வர்றவங்களுக்குப் பேர் போடணுந்தானே?”

“சின்னப் புள்ளைங்கள மலைக்கு அனுப்ப முடியாதுன்னு ஒங்களுக்குத் தெரியாதா? சட்டம் இருக்கு.”

“அந்தச் சட்டத்தப் பத்தித்தான் ஐயா நாங்களும் கேக்குறோம்.”

கண்டாக்கு கெட்டவர் இல்லை. அவரும் இந்த லயத்தில் பிறந்து படித்து மேலே வந்தவர்தான். தொப்பியைக் கழற்றினார், போட்டார், போனை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனார். பெண்கள் வரிசையைக் கலைக்கவில்லை. பிள்ளைகள் குளிரில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்கள். இதற்கு மேல் அவர்களை நிற்க வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. கந்தோர் விறாந்தை காலியாக இருந்தது. சிமெந்துத் தரை, கூட்டிச் சுத்தமாக இருந்தது. பிள்ளைகளைக் கூப்பிட்டேன். பாயை விரித்து உட்கார வைத்து, இடாப்பைத் திறந்து ஒவ்வொரு பெயராக வாசித்தேன். “வந்திருக்கேன் டீச்சர்” என்று ஒவ்வொன்றும் கத்தியது. பத்தொன்பது பேர். பிறகு பாட்டு. பிறகு சோடா மூடி. ஆயம்மா விறாந்தைக் கம்பியில் ஒரு சேலையைக் கட்டித் தொட்டில் ஆக்கிவிட்டார்.

தொரை வந்தபோது நாங்கள் பத்துவரை எண்ணி முடித்து, பின்னாலிருந்து எண்ணத் தொடங்கியிருந்தோம். ஜீப்பை நிறுத்திவிட்டு நேரே என்னிடம்தான் வந்தார். குரலை உயர்த்தவில்லை.

“டீச்சர், நீங்க எங்க ஸ்டாப். நீங்களே இப்படிச் செய்யலாமா?”

“வகுப்பு எடுக்கிறேன் சார். அதுக்குத்தானே என்ன வச்சிருக்கீங்க?”

“இது கந்தோர்.”

“அங்க பூட்டியிருக்கு.”

“இதுக்கு நீங்க பதில் சொல்ல வேண்டி வரும்.”

“சொல்றேன் சார். எழுதிக் கேளுங்க.”

நான் எழும்பவில்லை. பாயில் உட்கார்ந்தபடியேதான் பேசினேன்.

அன்றைக்கே கிளினிக் நாள் என்பது எங்கள் அதிர்ஷ்டம். மாதம் ஒருமுறை பிள்ளைகளை நிறுத்துப் பார்க்கக் குடும்ப நல மருத்துவிச்சி வருவார். சிங்களப் பெண், எங்களோடு பழகிப் பழகி எங்கள் தமிழையே பேசுவார். அவரும் பிள்ளைக்காம்பராவில்தான் நிறுப்பார். பூட்டைப் பார்த்துவிட்டுக் குடையோடு இறங்கி வந்தார்.

“எனக்கு யாரும் சொல்லல தானே? பிள்ளைங்கள நான் எங்க நிறுக்கிறது?”

அவர் கொழுந்துக் கொட்டகையை ஒரு பார்வை பார்த்தார். கூடைகளை நிறுக்கும் தராசு தொங்கும் அதே உத்தரத்தில் தன்னுடைய தராசைக் கொழுவி, ஒவ்வொரு பிள்ளையாகத் தொங்கவிட்டு நிறுத்தார். நாங்கள் வரிசையாக அனுப்பினோம். முடிந்ததும், மாதா மாதம் சுகாதாரப் பணிமனைக்குப் போகும் தன் புத்தகத்தில், நிலையம் பூட்டியிருந்ததால் கொழுந்துக் கொட்டகையில் நிறுக்கப்பட்டது என்று எழுதி, தொரையிடம் நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். தொரை வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். போட மாட்டேன் என்றார். மருத்துவிச்சி புத்தகத்தை வாங்கி, கையெழுத்திட மறுத்தார் என்பதையும் அதற்குக் கீழே எழுதிக்கொண்டார். எழுதியதைச் சத்தமாக வாசித்தும் காட்டினார், முதலில் சிங்களத்தில், பிறகு தமிழில்.

அன்று பெண்களுக்குப் பேர் விழுந்தது. ஒன்பது மணிக்கு மேல் மலை ஏறினார்கள். பிள்ளைகள் விறாந்தையில் இருந்தார்கள். செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை மழை பெய்தது. சாரல் உள்ளே அடித்தபோது கந்தோர் கிளார்க் தானே எழுந்து கதவைத் திறந்து, “உள்ளுக்கு வாங்க” என்றார். மேசைகளுக்கு நடுவில் உட்கார்ந்து படித்தோம். யாரோ ஒருவன் முத்திரையை எடுத்துக் கன்னத்தில் குத்திக்கொண்டான்.

வியாழக்கிழமை காலை கண்டாக்கு என் கையில் சாவியைக் கொடுத்தார். “தொரை குடுக்கச் சொன்னாரு.” வேறு விளக்கம் இல்லை. அவர் போகும்போது திரும்பி, “ஒங்க அக்கா பேசுவாங்கன்னு நான் நெனைக்கல டீச்சர்” என்றார். நானும் நினைத்திருக்கவில்லை.

வென்றுவிட்டோம் என்று நான் எங்கும் சொல்லிக்கொள்வதில்லை. உல்லாசப் பயணிகளுக்கான அறைகள் எங்களுக்குச் சற்று மேலே, பழைய உத்தியோகத்தர் வீடு இருந்த இடத்தில் எழும்பின. கூரை ஒழுகும் இடங்களில் இன்றைக்கும் வாளி வைக்கிறோம். அக்காவின் மூத்தவள் அந்தத் தவணையில் கணிதத்தில் மிகவும் கீழே போனாள். எட்டு நாள்தானே என்று மற்றவர்கள் சொன்னார்கள், அவள் பழைய இடத்துக்கு வர ஒரு வருடம் பிடித்தது.

எனக்குக் கடிதம் வந்தது. ஒழுங்கை மீறி நடந்ததற்கு வருத்தம் தெரிவித்து எழுதித் தர வேண்டும், இல்லாவிட்டால் கோப்பில் பதியப்படும் என்று. மூன்று நாள் யோசித்தேன். பிறகு தமிழில் எழுதினேன்: அன்று காலை பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பது என் வேலை, அதை எடுத்தேன், அதற்காக எனக்கு வருத்தம் இல்லை. ஆங்கிலத்தில் எழுதத் தெரியாமல் இல்லை. அவர்கள் யாரிடமாவது கொடுத்து வாசித்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். கோப்பில் பதிந்தார்கள். தோட்டத்து நிலையங்கள் எல்லாவற்றுக்கும் பொறுப்பான தலைமை ஆசிரியைப் பதவி வந்தபோது அது எனக்கு வரவில்லை. ஏன் என்று கேட்டு நான் எழுதிய மூன்று கடிதங்களும் அதே கோப்பில்தான் இருக்கும்.

போன மாதம் கினிகத்தேனைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு டீச்சர் போன் பண்ணினாள். சின்னப் பெண். அவளுடைய நிலையத்தையும் மூடப்போகிறார்களாம், எண்ணிக்கை போதாதாம். மேலிடத்துக்கு எப்படிக் கடிதம் எழுதுவது, நான் தோட்டத்துக்கு எழுதின பதிலின் பிரதி ஒன்று கிடைக்குமா என்று கேட்டாள். அனுப்புகிறேன் என்றேன். அதற்கு முதல், பிள்ளைகளின் தாய்மாரோடு பேசினாயா என்று கேட்டேன். அவர்களெல்லாம் பயந்த ஆட்கள், வாயே திறக்க மாட்டார்கள் என்றாள்.

“அப்படித்தான் இருப்பாங்க” என்றேன். “நீ போய்க் கேளு.”